நெருப்புக் காணாத பன்றி

இந்தச் சுவிஸ் நாட்டுச் சாப்பாட்டில் எனக்கு அருவருப்பான பண்டங்கள் பல உண்டு. ஒரே சட்டிக்குள் நாலைந்து பேர் தாங்கள் வாயில் வைத்த முள்ளுக்கரண்டியையே திரும்பத் திரும்ப விட்டு, உருக்கிய சீஸைக் கிண்டித் தின்பார்கள். எச்சில் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியாது. அதைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறுத்துப் போவேன். ஆனால் நெருப்பையே காணாத பன்றிக் கொழுப்பைப் பாணுக்குள் வைத்து, பக்கத்தில் புளிக்கவைத்த வெள்ளரிக்காயையும் படுக்கப்போட்டு, பேக்கன் சாண்ட்விச் என்று விற்கிறார்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

நான் சமையல்காரி இல்லை. ஓர்லிகோன் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலை வேலை முடிந்தால் பின்னேரம் என்னுடையது. அந்தப் பின்னேரங்களில் பேக்கன் சாண்ட்விச் தேடி ஊர் ஊராகப் போய், தின்று பார்த்து, முகநூலில் தமிழில் எழுதுவதுதான் என் பொழுதுபோக்கு. வாசிக்கிறவர்கள் கொஞ்சப் பேர். அதிலும் பாதிப் பேர் என்னைத் திட்டுவதற்கென்றே வருகிறவர்கள். "சைவக் குடும்பத்துப் பொம்பிளை பண்டி இறைச்சியைப் பற்றி எழுதுறதோ?" என்று பாரிசிலிருந்து ஒருவர் தவறாமல் கேட்பார். நானும் தவறாமல் "ஓம்" என்று பதில் போடுவேன்.

இந்தக் கிறுக்கு எனக்கு லண்டனில் பிடித்தது. தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒருநாள் மழைக்கு ஒதுங்கி, பஸ் தரிப்புக்குப் பக்கத்திலிருந்த சின்னத் தேத்தண்ணிக் கடைக்குள் போனோம். எண்ணெய் படிந்த மேசை, கண்ணாடியெல்லாம் நீராவிப் புகார். தங்கச்சி எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். "ஒருக்கா திண்டு பாருங்கோ அக்கா, பிறகு கதையுங்கோ" என்றாள். ஓரம் முறுகப் பொரித்த பேக்கன், கையைச் சுடுகிற சூடு, வெள்ளைப் பாணில் உருகி இறங்கிய பட்டர், கொஞ்சம் புளிப்பான ஒரு மண்ணிறச் சோஸ். வேறொன்றும் இல்லை. இரண்டாவதையும் வாங்கித் தின்றுவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

நீயே வீட்டில் பொரித்துத் தின்பதுதானே என்று கேட்பீர்கள். என் மனிசன் சுத்த சைவம். கோயில் திருவிழாவென்றால் மடைப்பள்ளியில் முதல் ஆளாக நிற்பவர். எங்கள் வீட்டுச் சட்டிகளுக்கு முட்டையே பெரிய பாவம், பன்றி எங்கே ஏறும். ஒருமுறை அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பல்கனியில் சின்ன மின்னடுப்பை வைத்துப் பொரித்துப் பார்த்தேன். திரும்பி வந்தவர் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். மேல்மாடி சுவிஸ்காரி ஓடிவந்து மணியடித்தாள். அவளுக்குப் பன்றி மணக்கவில்லை, சாம்பிராணிதான் மூக்கில் ஏறியதாம். இரண்டு பேரையும் சமாளித்து முடிப்பதற்குள் பொரித்தது ஆறிப்போயிற்று. அன்றோடு வீட்டில் அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி.

ஆகவே வெளியில் தேடவேண்டியதாயிற்று. முதலில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டேஷன் கடையில் வாங்கினேன். பிளாஸ்ரிக் உறைக்குள் முக்கோணமாக வெட்டி வைத்திருந்தார்கள். உப்பிலும் புகையிலும் போட்டெடுத்த பன்றி வயிற்றிறைச்சியை இங்கே ஸ்பெக் என்பார்கள். அதை அடுப்பில் வைக்காமல் அப்படியே சீவித் தின்பது இவர்களுக்குப் பெருமை. அந்தச் சாண்ட்விச்சுக்குள் அதன் கொழுப்பு, மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. கடித்தால் அறுபடவில்லை. இழுத்தேன், முழுத்துண்டும் பாணைவிட்டு வெளியே வந்து நாடியில் ஒட்டியது. பாணோ மயோனைஸில் ஊறி, நனைத்த கடதாசிபோல மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. ரயிலில் எதிரே இருந்த கிழவர் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் பேப்பரை உயர்த்திப் பிடித்தார். நான் அந்த மனிதருக்கு இன்றுவரை நன்றியாக இருக்கிறேன்.

எங்கள் ஆட்களின் கடை ஒன்றிலும் முயன்று பார்த்தேன். விளம்பரத்தில் "பேக்கன் பணிஸ்" என்று, பன்னுக்குள் வைத்துத் தருவதாகப் போட்டிருந்தது. நம்மவர்கள் அடுப்பை மூட்டத் தெரிந்தவர்கள், பச்சையாகத் தரமாட்டார்கள் என்று நம்பிப் போனேன். பச்சையாகத் தரவில்லைதான். மீன் கட்லட்டும் றோல்சும் பொரித்த அதே எண்ணெயில், விறகுச் சுள்ளி மாதிரி ஆகும்வரை பொரித்துத் தந்தார்கள். ஒவ்வொரு கடியிலும் பழைய மீன் ஏப்பம் வந்தது. கடைக்காரத் தம்பி வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"எப்பிடி அக்கா, நல்லாயிருக்கோ?"

எங்கள் சனம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறது. வாயில் வைக்க வழியில்லாவிட்டாலும் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, படி இறங்கியதும் திட்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"தம்பி, இது பண்டியோ, சூடை மீனோ?"

"பண்டிதான் அக்கா. எண்ணெய்தான் ஒண்டு" என்று சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கூடுதலாகப் பிரட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான அசிங்கம் பாசல் நகரத்தில் நடந்தது. என் ஒரே மகள் அங்கே ஒரு மருந்துக் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இங்கேயே பிறந்தவள். "அம்மா, இஞ்ச ஒரு கடையில உங்களுக்குப் பிடிச்ச மாதிரிச் சூடாத் தருவினமாம்" என்று கூப்பிட்டாள். டிராமை விட்டு இறங்கியதும் கடை. மரப் பலகையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தட்டில் வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடுமோ தெரியாது. விலையைப் பார்த்தபோதே பாதிப் பசி போய்விட்டது. இறைச்சி சூடாகத்தான் இருந்தது. ஆனால் விரல் தடிப்பில் வெட்டி, தோலோடு, அரைவேக்காடாக. பாதி தின்றிருப்பேன். பல்லுக்கிடையில் ஏதோ குத்தியது. இழுத்து எடுத்துப் பார்த்தால் பன்றி மயிர். துண்டைத் திருப்பிப் பார்த்தேன். தோலில் இன்னும் இரண்டு மூன்று, வீட்டு வாசல் மிதியடி மாதிரி நட்டுக்கொண்டு நின்றன.

பரிமாறியவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்து, இது பண்ணைப் பன்றி, இயற்கையானது, தரத்துக்கு இதுதான் அடையாளம் என்றான். நான் சத்தி எடுக்க ஓங்காளித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது மகள் முகம் வாடி இருந்தாள். என்மேல் உள்ள இரக்கம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கடையைப் பற்றி எழுதியதுதான் நான் எழுதியவற்றிலேயே கடுமையானது. பாரிஸ்காரர்கூட அன்றைக்கு மட்டும் கைதட்டல் போட்டிருந்தார்.

சில வாரம் கழித்து மகள் ஓர்லிகோனுக்கு வந்தாள். குசினி மேசையில் என்னையும் தகப்பனையும் இருத்திவைத்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். சுவிஸ்காரப் பெடியன், அவளோடு வேலை செய்கிறவன், சோலோதுர்னுக்குப் பக்கத்துக் கிராமம், தகப்பன் இல்லை, தாய் மட்டும். பழகத் தொடங்கி நாளாகிறதாம். கடைசியில் மெல்ல ஒன்று சொன்னாள்.

"அம்மா, அந்தப் பாசல் கடையைச் சொன்னது அவர்தான். உங்களைச் சந்தோசப்படுத்த வேணும் எண்டு தேடிப் பிடிச்சவர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு காலம் ஒளித்தாளே என்பது ஒரு கோபம். எங்கே என் பிள்ளை நத்தார் பண்டிகைக்கு மட்டும் ஒரு வாழ்த்து மடல் அனுப்புகிற உறவாகிப் போய்விடுவாளோ என்ற பயம் அதற்கு அடியில். ஆனால் வாயில் வந்தது வேறு. மயிர் முளைத்த பன்றியைத் தெரிந்தெடுத்துத் தந்தவனுக்கோ என் பிள்ளையைக் கொடுப்பது, ஒரு துண்டு இறைச்சியை ஒழுங்காகப் பொரிக்கத் தெரியாத சனத்துக்குள்ளோ இவள் போய் வாழப்போகிறாள் என்று கத்தினேன்.

"அவையின்ர வீட்டுக்கு வரச் சொல்லி இருக்கினம்" என்றாள்.

என் மனிசன் யோசித்துவிட்டு, "போவம். ஆக்களைப் பாப்பம். ஆனா கை நனைக்கிறேல்லை" என்றார்.

எங்களில் ஒரு முறை உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிவாகும்வரை சாப்பிடுவதில்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். அதற்கு மேல் எதையாவது எடுத்து வாயில் வைத்தால், கை நனைத்தாயிற்று, சம்மதம் என்று அர்த்தம். பிறகு மாறிப் பேசக்கூடாது. ஊரில் எத்தனையோ பேர் பசியோடு போய்ப் பசியோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "அவைக்கு உந்த முறையொண்டும் தெரியாது அப்பா. எனக்குத் தெரியும். நீங்கள் அங்க சாப்பிட்டால் ஓம். சாப்பிடாட்டி இல்லை. நான் அதை விளங்கிக்கொண்டு போயிடுவன். ரெண்டாம் தரம் கேக்க மாட்டன்."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அழவில்லை. தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பாசல் ரயிலுக்குப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனோம். ரயிலில் அவர் வழி நெடுக ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "இஞ்சேரும், உம்மட வாய்தான் எனக்குப் பயம். அங்க ஒண்டையும் எடுத்து வாய்க்குள்ள வச்சிடாதையும்." எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நாட்டுக்காரர் பின்னேரம் நாலு மணிக்கு விருந்தாளிக்கு வைப்பது என்னவென்று எனக்குத் தெரியாதா? பச்சை ஸ்பெக், சீஸ், புளித்த வெள்ளரிக்காய். கட்டிப்போட்டு ஊட்டினாலும் இறங்காது என்றேன்.

பஸ் தரிப்பில் மகளும் அந்தப் பெடியனும் நின்றார்கள். நல்ல உயரம், காது சிவந்திருந்தது. வீட்டு வாசலில் தாய் நின்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஊர்ப் பாடசாலையில் கைவேலை படிப்பிக்கிறவர். கதவு திறந்ததும் எனக்கு ஒரு மணம் அடித்தது. பேக்கன் பொரிகிற மணம். உண்மையாக நெருப்பில், முறுகப் பொரிகிற மணம். என் பல்கனி அடுப்பை விட்டால், லண்டன் மழைக்குப் பிறகு அந்த மணத்தை நான் முகர்ந்ததில்லை. வாயில் தண்ணி ஊறியது. இப்படிச் சோதிக்கிறாயே முருகா என்று நினைத்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே இரண்டு அடி வைத்ததும் அந்த மணத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு மணம் வந்தது. இனிப்பான, மஞ்சளான, பழைய அலுமாரி மாதிரியான மணம். அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சுப்பர் மார்க்கட்டில் சின்னப் போத்தலில் விற்கிற கறித்தூள். என் வாயில் ஊறிய தண்ணி அப்படியே நின்றது.

மேசையில் இருத்தினார்கள். என் மனிசனுக்கு முன்னால் ஒரு மரப் பலகையில் சீஸும் பாணும் அவித்த உருளைக்கிழங்கும் வந்தன. பலகையும் கத்தியும் புதிதாக வாங்கியவை, இறைச்சி படாதவை என்று அந்த அம்மா கத்தியின் விலைச் சீட்டைக் காட்டிச் சொன்னார். மனிசன் நன்றி சொல்லிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு முன்னால் தட்டு வந்தது.

நான் எத்தனையோ கண்றாவிகளைப் பார்த்தவள். இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. பொரித்த பேக்கனுக்கு மேல், பட்டரில் வதக்கிய வாழைப்பழம். அதற்கு மேல் தகர ரின்னிலிருந்து எடுத்த அன்னாசி வட்டம். எல்லாவற்றையும் மூடி, கிறீமில் கறித்தூள் கரைத்த மஞ்சள் குழம்பு. மேல்பாண் அதில் மிதந்துகொண்டு இருந்தது. இந்த நாட்டில் கறியென்றால் பழமும் கிறீமும் போட்டதுதான் என்பது எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் சோற்றுக்கு மேல் ஊற்றித் தருவதைப் பார்த்திருக்கிறேன். பேக்கனுக்கும் அந்தக் கதி வருமென்று நினைக்கவில்லை.

அந்த அம்மா உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். என் எழுத்தையெல்லாம் தொலைபேசியில் ஜெர்மனுக்கு மாற்றி வாசித்தாராம். விளங்காததை என் மகளிடம் கேட்டாராம். குளிர்ந்த கொழுப்பு உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், அதனால் நன்றாகப் பொரித்தேன். பாசலில் மயிர் இருந்தது என்று வாசித்தேன், அதனால் தோலை முழுக்க வெட்டியெடுத்துவிட்டு ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் இலங்கை என்பதால் கறியும் சேர்த்தேன். ஒரு கிழமையாக எனக்குப் பயம், நித்திரையே இல்லை என்றார்.

நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர்களுக்குப் பயந்து வாழ்ந்தவள். விசாக் கந்தோரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குப் பயம். வேலையில் மேற்பார்வைக்காரிக்குப் பயம். பிள்ளையின் பள்ளிக்கூட ஆசிரியைக்குப் பயம். என்னைப் பார்த்து ஒரு சுவிஸ்காரி பயந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். சந்தோசமாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மகள் எதிரே இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனிசன் மேசைக்கடியில் தன் காலால் என் காலைத் தட்டினார். நான் காலை இழுத்துக்கொண்டு, சாண்ட்விச்சை இரண்டு கையாலும் தூக்கினேன். மஞ்சள் குழம்பு விரலிடுக்கால் வழிந்து மணிக்கட்டு வரை போயிற்று. கடித்தேன். முதலில் வாழைப்பழம் வந்தது, இளஞ்சூடாக, வழுவழுவென்று, குழந்தைப்பிள்ளைக்குக் கரைத்த மாதிரி. அதற்குள்ளிருந்து உப்பு. பிறகு அன்னாசியின் ரின் புளிப்பு. கடைசியாகப் பச்சைக் கறித்தூள் தொண்டையில் மணல் மாதிரி உராய்ந்தது. பேக்கனைத் தேடினேன். பாவம், அதை எவ்வளவு முறுகப் பொரித்திருந்தாரோ, குழம்பில் ஊறி நாராகிக் கிடந்தது. விழுங்கியது மேலே தள்ளியது. நான் கீழே தள்ளினேன். மூக்கால் மூச்சு விடாமல் கடித்தேன், மெல்லாமல் விழுங்கினேன், கண்ணில் தண்ணி வந்தது. பெடியன் ஓடிப்போய்க் கடதாசித் துண்டு கொண்டுவந்தான். காரமோ என்று தாய் கலங்கினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். கடைசித் துண்டு வரை தின்று முடித்தேன்.

நல்லாயிருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். சாப்பாட்டு விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டி, இன்னொன்று தாருங்கள் என்றேன்.

மனிசன் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு முழுக்க இருந்தது. பிறகு மடியிலிருந்து கையை எடுத்து, புதுக் கத்தியால் சீஸை வெட்டி, பாணில் வைத்து வாயில் போட்டார். மகள் எழுந்து குசினிக்குள் போனாள். குழாய் கனநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பெடியன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். சீஸ் தின்றதற்கு ஏன் ஒருத்தி போய் முகம் கழுவுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

இரண்டாவதையும் தின்றேன். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

மகள் எங்களைத் தனியாகப் பஸ் தரிப்புவரை கூட்டிவந்தாள். தகப்பன் முன்னால் நடந்தார். "மனிசி நனைச்சால் நான் நனைச்ச மாதிரித்தானே. பிறகென்ன" என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். மகள் என் கையைப் பிடித்தாள். அது இன்னும் கறித்தூள் மணத்தது.

"உண்மையாச் சொல்லுங்கோ அம்மா. எப்பிடி இருந்தது?"

"சீ! நாய் கூட முகந்து பாக்காது" என்றேன். "கலியாணத்தண்டைக்கு அந்த மனிசியைச் சமையல் பக்கம் மட்டும் விட்டிடாதை."

அவள் நடுரோட்டில் நின்று என்னைக் கட்டிப்பிடித்தாள். சின்ன வயதில்கூட அவள் என்னை அப்படி இறுக்கியதில்லை. என் வயிற்றுக்குள் வாழைப்பழமும் அன்னாசியும் கிறீமும் ஒன்றாக எழும்பின.

"விடு பிள்ளை, அமத்தாதை" என்றேன். "சத்தி வருகுது."

அவள் விடவில்லை.